உண்ணிக்கும் தெள்ளுக்கும் எந்த மருந்து? மாத்திரை, சொட்டு, கழுத்துப்பட்டை: ஓர் ஒப்பீடு

"எந்த மருந்து நல்லது?" உண்ணியோ தெள்ளுப்பூச்சியோ கண்ணில் பட்டதும் நாய், பூனை வளர்ப்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிட முடியாத கேள்வி இது. ஒரு நாய்க்கு அருமையாக வேலை செய்யும் சொட்டு மருந்து, அதே நாயோடு உரசிக்கொண்டு தூங்கும் பூனையைக் கொன்றுவிடலாம். பூனைக்கு ஏற்ற இன்னொரு மருந்து, அடுத்த அறையில் இருக்கும் முயலுக்கு நஞ்சாகலாம். ஆகவே மருந்துப் பெட்டியைக் கையில் எடுக்கும் முன், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்துவிடுங்கள். பாதிப் பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

இப்போது புழக்கத்தில் இருப்பவற்றைப் பெரும்பாலும் நான்கு வகைக்குள் அடக்கிவிடலாம்: வாய்வழி மாத்திரை, தோலில் விடும் சொட்டு மருந்து, மருந்தேற்றிய கழுத்துப்பட்டை, ஸ்ப்ரேயும் ஷாம்பும். ஒவ்வொன்றும் வேலை செய்யும் விதம் வேறு. அதனால் அவை கைவிடும் இடமும் வேறு.

முதலில், வந்திருப்பது எது?

தெள்ளு ஒரு பூச்சி. ஆறு கால்கள் உண்டு, இறக்கை கிடையாது, தாவி ஓடும். உண்ணி சிலந்திக்கு உறவு. வளர்ந்த உண்ணிக்கு எட்டுக் கால்கள். தாவத் தெரியாது, ஊர்ந்து வந்து ஏறிக்கொள்ளும். மருந்து வாங்கும்போது இந்த வேறுபாடு மிகவும் முக்கியம். இமிடாக்ளோப்ரிட் என்ற மருந்து மட்டும் உள்ள சொட்டு, தெள்ளைக் கொல்லும், உண்ணியை அசைக்காது. உண்ணித் தொல்லைக்கு அதை வாங்கிப் போட்டுவிட்டு "மருந்தே சரியில்லை" என்று நொந்துகொள்பவர்கள் நிறைய.

உண்ணியை விரலால் தடவியே கண்டுபிடிக்கலாம். காது மடலின் உட்புறம், கால்விரல் இடுக்கு, அக்குள், கழுத்துப்பட்டையின் அடிப்பகுதி, வாலின் அடி ஆகிய இடங்களைத்தான் அது தேடிப் போகும். தெள்ளு அவ்வளவு எளிதில் சிக்காது. ஒரு வெள்ளைத் தாளை விரித்து, அதன்மேல் விலங்கை நிற்க வைத்து, இடுப்புக்கு மேலே முதுகை நெருக்கமான பற்கள் உள்ள சீப்பால் வாருங்கள். மிளகுத்தூள் சிந்தியது போலக் கரும்புள்ளிகள் விழுந்தால், நனைத்த பஞ்சால் ஒற்றிப் பாருங்கள். புள்ளியைச் சுற்றிச் செம்பழுப்பு நிறம் பரவினால் அது தெள்ளின் எச்சம். செரிமானமான இரத்தம்தான் அந்த நிறம். மண் துகளாக இருந்தால் நிறம் பரவாது.

இரண்டுமே அரிப்போடு நின்றுவிடுவதில்லை. தெள்ளை நக்கி விழுங்கும் நாய்க்கும் பூனைக்கும் அதன் வழியாக நாடாப்புழு வரும். தெள்ளு மொய்த்த குட்டிப் பூனை இரத்தசோகையாலேயே இறந்துபோவதும் உண்டு. உண்ணி கொண்டுவருவது இன்னும் கனமானது: எர்லிக்கியா, பபேசியா போன்ற இரத்தக் கிருமிகள். எர்லிக்கியா சில மணி நேரத்திலேயே நாயின் உடலுக்குள் இறங்கிவிடக்கூடியது. வாரம் ஒருமுறை உண்ணி பொறுக்கினால் போதும் என்ற நம்பிக்கை ஆபத்தானது என்று நான் சொல்வது இதனால்தான்.

மாத்திரை

நாய்களுக்கு இன்று அதிகம் பரிந்துரைக்கப்படுவது ஐசாக்சசோலின் குடும்பத்து மாத்திரைகள். அஃபாக்சோலனர், ஃப்ளூராலனர், சரோலனர், லோட்டிலனர் ஆகியவை இதில் அடங்கும். முதலாவதுக்கு 2013-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பெரும்பாலானவை மாதம் ஒருமுறை கொடுப்பவை; ஃப்ளூராலனர் மட்டும் ஒரே மாத்திரையில் சுமார் 12 வாரங்கள் தாங்கும். மருந்து இரத்தத்தில் கலந்திருக்கும். கடிக்கும் உண்ணியும் தெள்ளும் அதைக் குடித்து, நரம்பு செயலிழந்து சாகும்.

இதன் பெரிய நன்மை, மருந்து நாயின் தோலிலோ முடியிலோ இல்லை என்பதுதான். குழந்தை நாயைக் கட்டிப்பிடிக்கலாம், பூனை அதன் காதை நக்கலாம், நாய் குளத்தில் குதிக்கலாம், மறுநாளே குளிப்பாட்டலாம். எதுவும் மருந்தைக் குறைக்காது. யார் மீதும் மருந்து ஒட்டாது. நாயும் பூனையும் சேர்ந்து வாழும் வீட்டில் நாய்க்கு எதைத் தேர்வது என்று என்னைக் கேட்டால், தயங்காமல் மாத்திரை என்றுதான் சொல்வேன்.

குறையும் உண்டு. உண்ணி கடித்தால்தான் மருந்து அதற்குள் போகும். கடிக்கும் முன்பே விரட்டும் ஆற்றல் இதற்கு இல்லை. எனவே மாத்திரை கொடுத்த பிறகும் நாயின் மேல் உண்ணியைப் பார்க்கலாம். அது தோல்விக்கு அடையாளம் ஆகாது. அந்த உண்ணி உயிரோடு இருக்கிறதா, காய்ந்து செத்திருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று சற்றுக் கவலை தருவது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018-இல் இந்தக் குடும்பத்து மருந்துகள் குறித்து ஓர் எச்சரிக்கை வெளியிட்டது: சில நாய்களுக்கும் பூனைகளுக்கும் நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு ஆகியவை வரலாம். பெரும்பாலான விலங்குகளுக்கு இவை பாதுகாப்பானவை என்பதையும் அதே எச்சரிக்கை சொன்னது. ஆனால் ஒருமுறையாவது வலிப்பு வந்த நாய் என்றால், மருத்துவரிடம் அதைச் சொல்லாமல் இந்த மாத்திரையைக் கொடுக்காதீர்கள். வலிப்பு நோய் உள்ள நாயானால் நான் வேறு வகையைத்தான் முதலில் கேட்பேன்.

கொடுக்கும் முறையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஃப்ளூராலனர் மாத்திரையை உணவோடு கொடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் அது சரியாக உடலில் சேராது. கொடுத்த சிறிது நேரத்திலேயே நாய் வாந்தி எடுத்துவிட்டால், நீங்களாக இன்னொன்றைக் கொடுக்காமல் மருத்துவரைக் கேளுங்கள். பெரிய நாய்க்கான மாத்திரையை உடைத்து இரண்டு சிறிய நாய்களுக்குப் பங்கிடுவதும் கூடாது. அளவு எடைக்கு ஏற்றது. உடைத்த துண்டுகளில் மருந்து சமமாக இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது.

சொட்டு மருந்து

பூனை வளர்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் வழி. பூனைக்கு மாத்திரை ஊட்டுவது எத்தனை பெரிய பாடு என்பது அவர்களுக்குத் தெரியும். தோலில் விட்ட மருந்து எண்ணெய்ப் படலத்தோடு உடல் முழுவதும் பரவுகிறது. ஃபிப்ரோனில் போன்றவை எண்ணெய்ச் சுரப்பிகளில் தேங்கி, அங்கிருந்து சிறிது சிறிதாக வெளிவரும். செலமெக்டின் போன்றவை தோல் வழியே இரத்தத்திலும் கலக்கும். பெரும்பாலானவற்றுக்கு ஒரு மாதக் கணக்கு.

சொட்டு மருந்து பலன் தராமல் போவது பெரும்பாலும் போடும் விதத்தால்தான். முடியின் மேல் ஊற்றினால் முடியில்தான் நிற்கும். பிடரியில், நாக்கு எட்டாத இடத்தில், முடியை இரண்டு பக்கமும் விலக்கி, வெளிறிய தோல் ஒரு கோடாகத் தெரியும்வரை பிரித்து, குழாயின் நுனியைத் தோலில் தொட்டு அழுத்த வேண்டும். போடுவதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாட்கள் குளிப்பாட்டக் கூடாது என்பது பொதுவான விதி. குறிப்பாக ஷாம்பு போட்டுக் கழுவினால் மருந்து தங்கும் எண்ணெயே போய்விடும்.

இனிச் சொல்வதை ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சொல்ல வேண்டும் என்று தோன்றும். நாய்களுக்கான பல சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கிறது. உண்ணியைக் கடிக்கும் முன்பே விரட்டும் ஆற்றல் அதற்கு உண்டு. அந்த வகையில் நாய்க்கு அது நல்ல மருந்துதான். பூனைக்கோ அது கொடிய நஞ்சு. மற்ற விலங்குகளின் கல்லீரல் எளிதில் சிதைத்து வெளியேற்றிவிடும் சில பொருட்களைப் பூனையின் கல்லீரலால் வேகமாகச் சிதைக்க முடியாது. பல நாய்ச் சொட்டுகளில் பெர்மெத்ரின் சுமார் 45 விழுக்காடும் அதற்கு மேலும் இருக்கும். "சின்ன அளவுதானே" என்று பூனைக்கு ஒரு துளி விட்டால்கூடச் சில மணி நேரத்தில் காது துடிக்கும், உடல் நடுங்கும், வலிப்பு வரும், உயிரும் போகலாம். பூனைக்கு நேரடியாகப் போட வேண்டும் என்றுகூட இல்லை. மருந்து போட்ட நாயை நக்கினாலோ அதனோடு ஒட்டிப் படுத்தாலோ போதும்.

அப்படி நடந்துவிட்டால் வெதுவெதுப்பான நீரிலும் மென்மையான பாத்திரம் கழுவும் திரவத்திலும் பூனையை உடனே கழுவி, துணியில் சுற்றி, மருந்துப் பெட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் விரையுங்கள். "சரியாகிவிடும், பார்க்கலாம்" என்று காத்திருக்க இதில் நேரம் இல்லை. நடுக்கம் தொடங்குவதற்கு முன்பே போய்ச் சேர்ந்த பூனைக்குப் பிழைக்கும் வாய்ப்பு அதிகம்.

முயலுக்கு இதே அளவு ஆபத்தானது ஃபிப்ரோனில். பூனைக்கு வாங்கியதில் மிச்சம் இருக்கிறதே என்று முயலுக்குப் போட்டு, முயலை இழந்தவர்கள் இருக்கிறார்கள். முயலுக்கு வேறு மருந்துகள் உண்டு. மருத்துவர் எழுதித் தருவதை மட்டும் போடுங்கள்.

நாய் ஆற்றிலும் குளத்திலும் நீந்துவதாக இருந்தால் சொட்டு மருந்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். மருந்து கரைந்து வீணாவது ஒரு காரணம். கரைந்த மருந்து எங்கே போகிறது என்பது இன்னொன்று. சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இங்கிலாந்தின் 20 ஆறுகளிலிருந்து எடுக்கப்பட்ட நீர் மாதிரிகளின் தரவுகளை அலசி 2020-இல் வெளியிட்ட முடிவில், 99 விழுக்காட்டு மாதிரிகளில் ஃபிப்ரோனில் இருந்ததாகச் சொன்னார்கள். விவசாயத்தில் அதன் பயன்பாடு அங்கே நின்றுபோன பிறகும் இந்த நிலை. நீர்ப்பூச்சிகளுக்கு இது மிகச் சிறிய அளவிலேயே தீங்கு செய்யும். நம் நாயைக் காப்பாற்றும் மருந்து ஓடையில் இருக்கும் உயிர்களைக் கொல்ல வேண்டியதில்லை.

கழுத்துப்பட்டை

மாதாமாதம் நினைவு வைத்துக்கொள்ள முடியாதவர்களுக்கு நல்ல வழி. இமிடாக்ளோப்ரிடும் ஃப்ளூமெத்ரினும் சேர்ந்த பட்டை எட்டு மாதங்கள்வரை வேலை செய்யும். பட்டையிலிருந்து மருந்து மெல்ல மெல்லக் கசிந்து தோலில் பரவுகிறது. ஃப்ளூமெத்ரினும் பெர்மெத்ரின் வகைதான் என்றாலும், பூனைக்கென்றே தயாரித்த பட்டையில் அதைப் பூனை தாங்கிக்கொள்ளும். ஆனால் நாய்க்கான பட்டையை வெட்டிப் பூனைக்குக் கட்டக் கூடாது. இந்தப் பட்டையை நாய்க்குட்டிக்கு ஏழு வாரத்திலிருந்தும், பூனைக்குட்டிக்குப் பத்து வாரத்திலிருந்தும் கட்டலாம்.

தோலோடு ஒட்டியிருந்தால்தான் பட்டை பயன் தரும். இரண்டு விரல்கள் நுழையும் அளவுக்கு இடம் விட்டு, மிச்ச நீளத்தை வெட்டிவிட வேண்டும். தொங்கும் நுனியை இன்னொரு நாய் மென்று விழுங்கிவிடும். அடிக்கடி குளிக்கும் நாய்க்குப் பட்டையின் ஆயுள் குறையும். கழுத்தில் முடி உதிர்வதோ தோல் சிவப்பதோ தெரிந்தால் கழற்றிவிடுங்கள். தவழும் குழந்தை உள்ள வீட்டில் எனக்கு இதில் விருப்பம் இல்லை: குழந்தையின் கை முதலில் பிடிப்பது நாயின் கழுத்தைத்தான், அந்தக் கை அடுத்து வாய்க்குத்தான் போகும். மலிவான "மூலிகைப் பட்டை"களும், ஒலி எழுப்பி உண்ணியை விரட்டுவதாகச் சொல்லும் கருவிகளும் காசுக்குக் கேடு; அவற்றை நம்பியிருக்கும் வாரங்களில் நோய் வந்து சேரும்.

ஸ்ப்ரே, ஷாம்பு, குளியல் மருந்து, ஊசி

ஷாம்பு அன்றைக்கு இருக்கும் தெள்ளைக் கழுவிவிடும். மறுநாள் ஏறுவதைத் தடுக்காது. ஃபிப்ரோனில் ஸ்ப்ரேக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு: பிறந்து இரண்டு நாட்களே ஆன குட்டிக்குக்கூடப் பயன்படுத்த அனுமதி பெற்ற தயாரிப்புகள் இருக்கின்றன. மாத்திரையும் சொட்டும் பெரும்பாலும் எட்டு வார வயதுக்குப் பிறகுதான் என்பதால், அதற்கு முந்தைய வாரங்களில் மருத்துவர் கையில் எடுப்பது இதைத்தான். அதையும் வேண்டாம் என்று நினைத்தால், சீப்பும் சோப்பு நீரும் கொண்டு தினமும் வாரி எடுப்பதே குட்டிகளுக்கான வழி.

அமிட்ராஸ் கலந்த குளியல் மருந்து பழைய முறை. உண்ணியைக் கொல்லும் என்பது உண்மை. ஆனால் நாய்க்கு மயக்கமும் இதயத் துடிப்புக் குறைவும் வரலாம், இரத்தச் சர்க்கரை ஏறும். நீரிழிவு உள்ள நாய்க்கும் பூனைக்கும் ஆகாது. அதைவிட நல்லவை கிடைக்கும் காலத்தில் இதை நாட வேண்டிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

"ஒரு ஊசி போட்டுவிடுங்கள்" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் மனத்தில் வைத்திருப்பது ஐவர்மெக்டினை. உண்ணியைத் தடுக்க அது நம்பத்தக்க மருந்து அல்ல. கோலி போன்ற மேய்ச்சல் இன நாய்கள் பலவற்றில் எம்டிஆர்1 என்ற மரபணுவில் ஒரு மாற்றம் இருக்கிறது. அவற்றில் ஐவர்மெக்டின் மூளைக்குள் புகுந்து உயிருக்கே உலை வைக்கும். கலப்பின நாயில் அந்த மரபணு மாற்றம் இருக்கிறதா என்பதை முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஃப்ளூராலனரையே ஆண்டுக்கு ஒருமுறை போடும் ஊசியாகச் சில நாடுகள் அண்மையில் அனுமதித்துள்ளன; அது வேறு சங்கதி.

தேயிலை மர எண்ணெயும் பூண்டும் இயற்கையானவை என்பதால் தீங்கற்றவை ஆகிவிடாது. முன்னது தோல் வழியே ஏறி நாயையும் பூனையையும் தள்ளாடவைக்கும். பின்னது இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

யாருக்கு எது

நாய் மட்டும் இருக்கும் வீடு, அடிக்கடி குளியல் அல்லது நீச்சல்: மாத்திரை. நாயும் பூனையும்: நாய்க்கு மாத்திரை, பூனைக்குப் பூனைக்கென்றே உள்ள சொட்டு, பெர்மெத்ரின் வீட்டுக்குள்ளேயே வர வேண்டாம். வலிப்பு வரலாறு உள்ள நாய், பூனை இல்லாத வீடு, உண்ணி நிறைந்த சூழல்: பெர்மெத்ரின் சொட்டோ பட்டையோ பொருத்தம். மறதி அதிகம், சிறு குழந்தை இல்லை: பட்டை. மீன் தொட்டி இருந்தால் பெர்மெத்ரின் போன்றவற்றைக் கையாண்ட கையை நன்றாகக் கழுவாமல் தொட்டிப் பக்கம் போகாதீர்கள். ஸ்ப்ரே அடிக்கும்போது தொட்டியை மூடி, காற்றுக் குழாயை நிறுத்திவிடுங்கள். கருவுற்ற, பால் கொடுக்கும் விலங்குகளுக்கு எதுவானாலும் மருத்துவரைக் கேட்டே போட வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் வீட்டில் இருக்கும் எல்லா நாய்க்கும் பூனைக்கும், அதனதன் மருந்தை, ஒரே காலத்தில் போடுங்கள். ஒன்றை விட்டுவிட்டால் அது மற்றவற்றுக்கும் தெள்ளை வளர்த்துக் கொடுக்கும்.

மருந்து போட்டும் போகவில்லை என்றால்

விலங்கின் மேல் நாம் பார்க்கும் வளர்ந்த தெள்ளு, வீட்டில் இருக்கும் மொத்தத் தெள்ளுக் கூட்டத்தில் சுமார் 5 விழுக்காடுதான். மிச்சம் முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் விரிப்பிலும் மெத்தை மடிப்பிலும் தரை இடுக்கிலும் கிடக்கிறது. கூட்டுப்புழு மாதக்கணக்கில் காத்திருக்கும். பூச்சிமருந்து அதற்குள் இறங்காது. அதிர்வும் சூடும் பட்டால் வெளியே வரும். அதனால்தான் சரியான மருந்து போட்ட பிறகும் சில வாரங்கள் புதிய தெள்ளு தென்படுகிறது. அந்த வாரங்களில் தினமும் வேக்குவம் போட்டு, தூசியை வீட்டுக்கு வெளியே கொட்டி, படுக்கைத் துணியை 60 டிகிரி வெந்நீரில் துவைத்து வர வேண்டும். குறைந்தது மூன்று மாதமாவது மருந்து இடைவிடாமல் தொடர வேண்டும்.

பழுப்பு நாய் உண்ணி இன்னும் பிடிவாதமானது. ஒரு பெண் உண்ணி நாயிலிருந்து இறங்கி, ஆயிரக்கணக்கில் முட்டை இடும்; உண்ணிகள் சுவரில் மேலே ஏறும் பழக்கம் கொண்டவை. நாயின் படுக்கையை மட்டும் கழுவிவிட்டுச் சுவர் விரிசலையும் கதவுச் சட்டத்தையும் திரைச்சீலை மடிப்பையும் பார்க்காமல் விடுவதால்தான் பல வீடுகளில் அது திரும்பத் திரும்ப வருகிறது. வீடு முழுவதும் பரவிவிட்டால் பூச்சி ஒழிப்பில் பயிற்சி பெற்றவரை அழையுங்கள். எந்த மருந்தை அடிக்கிறார்கள் என்பதைக் கேட்டு, அது பூனைக்கும் மீனுக்கும் ஆகுமா என்று உறுதி செய்துகொண்ட பிறகே கதவைத் திறந்துவிடுங்கள்.

ஒட்டியிருக்கும் உண்ணியைக் கூர்நுனி இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நேராக, நிதானமாக இழுங்கள். தீக்குச்சியால் சுடுவதும் எண்ணெய் தடவுவதும் அதன் எச்சிலை இன்னும் உள்ளே கக்க வைக்கும். விரலால் நசுக்காதீர்கள், ஆல்கஹாலில் போட்டு மூடிவிடுங்கள்.

உயிருள்ள உண்ணிகள் தொடர்ந்து தென்பட்டால், மருந்தை மாற்றும் முன் நாயை எடை போட்டுப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு முந்தைய எடைக்கு வாங்கிய அளவு இப்போது போதாமல் இருக்கலாம். கடைசியாகப் போட்ட தேதியையும் பாருங்கள். இவை சரியாக இருந்தும் உண்ணி சாகவில்லை என்றால், மருந்துக்கு அது பழகிப்போயிருக்க வாய்ப்புண்டு. ஃபிப்ரோனிலையும் பெர்மெத்ரினையும் தாங்கும் பழுப்பு நாய் உண்ணிகள் சில இடங்களில் கண்டறியப்பட்டிருக்கின்றன. அப்போது அதே மருந்தின் அளவைக் கூட்டாமல் வேறு குடும்பத்து மருந்துக்கு மாற மருத்துவரைக் கேளுங்கள். நாய்க்குக் காய்ச்சல், சோர்வு, வெளிறிய ஈறு, மூக்கில் இரத்தம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உண்ணியைப் பற்றிய பேச்சை ஒத்திவைத்துவிட்டு, அன்றே இரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள்.